தலைக்குள் ஒரு தறிச் சத்தம்!

குட்டீஸ்... அருப்புக்கோட்டையில், நெசவாளர்கள் வாழும் தெருக்களில் நடந்து போயிருக்கிறீர்களா? வீட்டுக்கு வீடு தறி ஓடும். ஒவ்வொரு தறிக்கும் ஒரு வேகம். ஒன்று, 'டக் டக்' என்று அடித்து முடிப்பதற்குள், பக்கத்து வீட்டுத் தறி மூன்று முறை அடித்துவிடும். தெருமுனையில் நின்று கேட்டால், எந்தத் தறி எப்போது அடிக்கிறது என்றே தெரியாது. மொத்தமாக ஓர் இரைச்சல்தான் காதில் விழும்.

திடீரென்று, தெருவில் இருக்கும் தறிகளில் பாதி, ஒரே நேரத்தில் அடிக்க ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? 'தடக்... தடக்... தடக்' என்று திருச்சுழி சாலை வரைக்கும் கேட்கும் இல்லையா?

இந்தத் தறிச் சத்தத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மனிதத் தலைக்குள்ளும் இப்படித் தறிகள் ஓடுகின்றன. தலையைத் திறக்காமல், அந்தச் சத்தத்தை முதன்முதலில் காகிதத்தில் பிடித்துக் காட்டியவரின் கதைதான் இது. அவர் பெயர், ஹான்ஸ் பெர்கர்.

ஜெர்மனி நாட்டில், கோபுர்க் என்ற ஊருக்குப் பக்கத்தில் நாய்செஸ் என்று ஒரு கிராமம். 1873 மே 21ல் பெர்கர் அங்கே பிறந்தார். அப்பா டாக்டர், மனநல மருத்துவமனை ஒன்றை நடத்தி வந்தார். அம்மாவின் அப்பா யார் தெரியுமா? பிரெடெரிக் ரூக்கெர்ட் என்ற பெரிய கவிஞர். நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகளைக் கற்றவர். நம் நளன் - தமயந்தி கதையை ஜெர்மன் மொழியில் கவிதையாக எழுதியவர். தமிழும் படித்திருக்கிறார்! பேரன் பிறப்பதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே தாத்தா இறந்துவிட்டார். இருந்தாலும், தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகிய ஒருவரின் பேரன்தான் நம் கதாநாயகன் என்பதில் நமக்கும் ஒரு சின்ன சந்தோஷம்!

சிறுவன் பெர்கருக்கு வானத்தின் மீதுதான் ஆசை. நட்சத்திரங்களை ஆராயும் விஞ்ஞானி ஆக வேண்டும் என்று, ஜெனா நகரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கப் போனார். படிப்பு பிடிக்கவில்லை. ஓராண்டு ராணுவப் பயிற்சி பெறலாம் என்று, குதிரைப்படையில் சேர்ந்துவிட்டார்.

அங்கேதான் அந்தச் சம்பவம் நடந்தது.

அப்போது அவருக்கு வயது 19. வூர்ஸ்புர்க் என்ற ஊரில், ஒரு காலை நேரம். பயிற்சியின்போது, அவர் ஏறியிருந்த குதிரை மிரண்டு, முன்னங்கால்களைத் தூக்கிவிட்டது. பெர்கர் தரையில் விழுந்தார். விழுந்த இடமோ, பீரங்கி வண்டி வரும் பாதை! குதிரைகள் இழுத்து வந்த அந்தக் கனமான வண்டி, அவர் மேல் ஏற இருந்த கடைசி நொடியில் நின்றது. ஒரு கீறல்கூட இல்லாமல் தப்பித்தார்.

அன்று மாலை, அவருக்கு ஒரு தந்தி வந்தது. அனுப்பியவர் அப்பா. மகன் நலமாக இருக்கிறானா என்று கேட்டிருந்தார். அதற்கு முன், அப்பா அவருக்குத் தந்தி அனுப்பியதே இல்லை. (தந்தி என்றால் என்ன என்று கேட்பீர்கள். அவசரச் செய்தியை, மின் கம்பி வழியே அனுப்பும் முறை அது. நம் நாட்டில், 2013 ஜூலை மாதத்தோடு அந்தச் சேவை நின்றுவிட்டது. தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.)

விசாரித்தபோது, பெர்கருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது. பல மைல் தொலைவில் இருந்த அவருடைய சகோதரி, தம் சகோதரனுக்கு ஏதோ ஆபத்து என்று சொல்லி, அப்பாவை நச்சரித்து, அந்தத் தந்தியை அனுப்ப வைத்திருக்கிறார்!

தம் மனதில் எழுந்த பயம், அலையாகப் புறப்பட்டுப் போய் சகோதரியைத் தொட்டிருக்கிறது என்று பெர்கர் நம்பினார். அது உண்மையா? இல்லை என்றுதான் இன்றைய அறிவியல் சொல்கிறது. வீட்டை விட்டுப் போன பிள்ளையை நினைத்து, குடும்பத்தினர் எத்தனையோ நாள் கவலைப்படுவர். ஒன்றும் நடக்காத நாட்களை மறந்துவிடுவோம். ஏதாவது நடந்த நாள் மட்டும் மனதில் ஒட்டிக்கொள்ளும். ஆனால், 19 வயது இளைஞருக்கு அப்படித் தோன்றவில்லை. நட்சத்திரம், கணிதம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மருத்துவம் படிக்கப் போய்விட்டார். மனம் என்பது உடம்பில் எங்கே, எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தே தீர வேண்டும் என்ற வெறி!

1897ல் டாக்டர் பட்டம் பெற்று, ஜெனா நகர மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். மூளைக்குள் ஓடும் ரத்தத்தின் துடிப்பை அளந்தார். மூளையின் வெப்பத்தை அளந்தார். 1910ல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். எதிலும் அவர் தேடியது கிடைக்கவில்லை. இடையில் முதல் உலகப்போர் வந்து, ராணுவ டாக்டராகப் போய்த் திரும்பினார். 1919ல் அந்த மருத்துவமனைக்கே தலைவரானார்.

வெளியே பார்ப்பவர்களுக்கு, அவர் கடிகாரம் மாதிரி நேரம் தவறாமல் வேலை செய்யும் கண்டிப்பான டாக்டர். அதிகம் பேச மாட்டார். மருத்துவமனை வேலை முடிந்தபின், தனியாக ஓர் அறையில் என்ன செய்கிறார் என்பது, உடன் இருந்தவர்களில் பலருக்கே தெரியாது.

அவர் மின்சாரத்தைத் தேடிக்கொண்டிருந்தார்!

விலங்குகளின் மூளையில் மின்சாரம் இருப்பது முன்பே தெரிந்ததுதான். இங்கிலாந்தில் ரிச்சர்டு கேட்டன் என்ற டாக்டர், 1875லேயே முயல், குரங்கு மூளைகளில் அதைப் பார்த்திருந்தார். மனிதர்களிடம்தான் யாரும் அளந்து பதிவு செய்யவில்லை. காரணம், அது அவ்வளவு நுண்ணியது. டார்ச் லைட்டில் போடும் 1.5 வோல்ட் பேட்டரி இருக்கிறதே... தலைத்தோலின் மேல் கிடைக்கும் மின் அலை, அதில் ஏறத்தாழ முப்பதாயிரத்தில் ஒரு பங்குதான்!

1924 ஜூலை 6ம் தேதி. 17 வயதுப் பையன் ஒருவன். மூளையில் கட்டி இருக்கலாம் என்று, அறுவை சிகிச்சைக்காக மண்டை ஓட்டில் ஒரு பகுதியை எடுத்திருந்தனர். அந்த இடத்தில் மின்முனைகளை வைத்து, மின்சாரத்தை அளக்கும் கருவியோடு இணைத்தார் பெர்கர். கருவியில் இருந்த மெல்லிய இழை, லேசாக நடுங்கியது. அலை... அலை... அலை!

உடனே துள்ளிக் குதித்து, ஊரெல்லாம் சொல்லியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. ஐந்து ஆண்டுகள் வாயே திறக்கவில்லை! அவருக்கு ஒரே சந்தேகம். இது மூளையின் மின்சாரம்தானா? இதயத் துடிப்பு இப்படிக் காட்டுகிறதா? நெற்றித் தசை அசைவதா? ரத்தக் குழாய் துடிப்பதா? ஒவ்வொன்றாகச் சோதித்தார். இதயத்தின் மின் அலையையும், மூளையின் மின் அலையையும் ஒரே காகிதத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாகப் பதிவு செய்து ஒப்பிட்டார். இரண்டும் சேர்ந்து போகவில்லை. இதயம் ஒரு முறை துடிப்பதற்குள், மூளை அலை பல முறை ஏறி இறங்கியது. அப்படியென்றால், இது இதயத்தில் இருந்து வந்த அலை இல்லை!

சோதனைக்கு ஆள் வேண்டுமே? தம் மகன் கிளாவுசையே நாற்காலியில் உட்கார வைத்தார். பதினைந்து வயதுப் பையன், அப்பாவுக்காக அசையாமல் உட்கார வேண்டும். அதுவும் ஒரு முறை, இரண்டு முறை அல்ல. 73 முறை பதிவு! பெர்கர் தம் தலையிலேயே பல முறை பதிவு செய்துகொண்டார். ஹோம் ஒர்க் செய்யவே அசையாமல் உட்காராத நமக்கு, கிளாவுசைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

1929ல், தம் முதல் கட்டுரையை வெளியிட்டார். அவருடைய கட்டுரைகளில் ஒரு வேடிக்கையான செய்தி இருந்தது. கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது, நொடிக்குப் பத்து முறை, பெரிய பெரிய அலைகள் அழகாக ஏறி இறங்குகின்றன. கண்ணைத் திறந்தாலோ, மனக்கணக்குப் போடச் சொன்னாலோ, அந்தப் பெரிய அலைகள் அடங்கி, குட்டிக் குட்டியாக, வேகமாக நெளியும் கோடு வருகிறது. பெரிய அலைக்கு 'ஆல்பா' என்றும், குட்டி அலைக்கு 'பீட்டா' என்றும் பெயர் வைத்தார். கிரேக்க மொழியின் 'அ, ஆ' அவை.

சும்மா இருக்கும்போது பெரிய அலை; வேலை செய்யும்போது சின்ன அலையா? தலைகீழாக அல்லவா இருக்கிறது!

இங்கேதான் நம் தறித் தெரு வருகிறது. மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. தலைத்தோலில் ஒட்டும் மின்முனை, தெருமுனையில் நிற்கும் ஆள் மாதிரி. தனித்தனிச் செல்லின் சத்தம் அதற்குக் கேட்காது. கண்ணை மூடியதும், தலையின் பின்பக்கம், பார்வைக்கான பகுதியில் இருக்கும் லட்சக்கணக்கான செல்கள் ஒரே தாளத்தில் சேர்ந்துகொள்கின்றன. 'தடக்... தடக்...' என்று பெரிய அலை! கண்ணைத் திறந்ததும், ஒவ்வொரு கூட்டமும் தன் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. ஒரு கூட்டம் நிறத்தைப் பார்க்கும். இன்னொன்று கோட்டைப் பார்க்கும். தாளம் கலைந்து, இரைச்சல் ஆகிவிடுகிறது. அலை சின்னதாகத் தெரிந்தாலும், உள்ளே வேலை மும்முரமாக நடக்கிறது என்று அர்த்தம்.

பெர்கர் எழுதியதை முதலில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மனநல டாக்டருக்கு மின்சாரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று பலர் நினைத்தனர். 1934ல்தான் விடிவு வந்தது. நோபல் பரிசு பெற்றிருந்த இங்கிலாந்து விஞ்ஞானி எட்கர் அட்ரியன், மேத்யூஸ் என்பவரோடு சேர்ந்து அதே சோதனையைச் செய்து பார்த்தார். அட்ரியன் தலையிலேயே அருமையான ஆல்பா அலைகள் வந்தன! நீரில் வாழும் ஒரு வண்டிடம்கூட, இதைப் போன்ற அலைகளை அவர்கள் கண்டனர். பெர்கர் சொன்னது சரி என்று உலகம் ஒப்புக்கொண்டது. அந்த அலைக்கு, பெர்கரின் பெயரையே வைத்தார் அட்ரியன்.

ஒரு விஷயத்தில் மட்டும் பெர்கர் தவறியிருந்தார். மூளை முழுவதும் சேர்ந்து ஆல்பா அலையை எழுப்புகிறது என்று நினைத்தார். அது முக்கியமாகத் தலையின் பின்பக்கத்தில் இருந்து வருகிறது என்று கண்டுபிடித்தவர்கள், அட்ரியனும் மேத்யூசும்.

அடுத்த ஆண்டு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இன்னொரு முக்கியமான கண்டுபிடிப்பு. உங்கள் வகுப்பில் ஒரு மாணவன், பாடம் நடக்கும்போது, சில நொடிகள் அப்படியே வெறித்துப் பார்த்துக்கொண்டு இருப்பான். கூப்பிட்டால் பதில் வராது. பிறகு, எதுவும் நடக்காதது மாதிரி எழுதத் தொடங்குவான். பகல் கனவு காண்கிறான் என்று திட்டு விழும். பாவம், சிலருக்கு அது ஒரு வகை வலிப்பு நோய்! அப்படிப்பட்டவர்களின் மூளை அலையைப் பார்த்தால், நொடிக்கு மூன்று முறை, தலை முழுவதும் ஒரே நேரத்தில், பெரிய பெரிய கூர்முனைகள் வருகின்றன. தெருவில் எல்லாத் தறியும் ஒன்றாக அடித்தால், ஒரு புடவையும் ஒழுங்காக நெய்ய முடியாது, அது போலத்தான். தாளம் சேர்வது நல்லது. அளவுக்கு மீறிச் சேர்ந்தால் ஆபத்து. இன்று, மாத்திரையால் பல குழந்தைகளுக்கு இதைக் கட்டுப்படுத்த முடிகிறது.

(கை, கால் வெட்டி இழுக்கும் வலிப்பு வந்தவரின் கையில், இரும்புச் சாவி கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. வாயில் எதையும் திணிக்கவும் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் இருப்பதுதான் சரி. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால், 108க்குப் போன் செய்ய வேண்டும்.)

இனி வருவது, பெர்கர் வாழ்க்கையின் இருட்டுப் பக்கம். 1933ல், ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சி வந்தது. பரம்பரை நோய் உள்ளவர்களுக்குக் குழந்தையே பிறக்கக் கூடாது என்று ஒரு கொடிய சட்டம் போட்டனர். அவர்கள் சம்மதம் இல்லாமலே, அதற்கான அறுவை சிகிச்சை செய்தனர். யாருக்குச் செய்வது என்று முடிவு செய்த நீதிமன்றத்தில், பெர்கரும் ஓர் உறுப்பினராக இருந்தார். அந்தச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில், வலிப்பு நோயும் இருந்தது! எந்த நோயாளிகளுக்கு அவருடைய கண்டுபிடிப்பு மிக அதிகமாக உதவியதோ, அவர்களும் அந்தப் பட்டியலில்! பல ஆண்டுகள், புத்தகங்களில் இது வரவே இல்லை. நாஜிகளுக்கு எதிரி என்றுகூட, அவரைப் பற்றி எழுதினர். பிறகுதான், வரலாற்று ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைத் தேடிப் படித்து, உண்மையை வெளியே கொண்டு வந்தனர். கண்டுபிடிப்பு பெரியது என்பதற்காக, இதை மறைத்து எழுத முடியாது, குட்டீஸ்.

1938ல் பெர்கர் ஓய்வு பெற்றார். மனச்சோர்வு நோய் அவரை வாட்டியது. எத்தனையோ பேருக்கு மனநல சிகிச்சை அளித்தவர், 1941 ஜூன் 1ல் இறந்தார்.

அவர் விட்டுச்சென்ற கருவி வளர்ந்துகொண்டே போனது. இன்று, மதுரை போன்ற நகரங்களில், பெரிய மருத்துவமனைகளில் 'இ.இ.ஜி.' எடுக்கும்போது, தலையில் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் மின்முனைகளை ஒட்டுகின்றனர். வலிக்காது. ஷாக் அடிக்காது. பசை தடவுவதால் தலையைக் கழுவ வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இத்தனை கோடுகள் கிடைத்ததும், விஞ்ஞானிகளுக்குப் புதுக் கேள்வி வந்தது. நெற்றிப் பக்கத்து அலையும், பின் தலை அலையும் சேர்ந்து ஆடுகின்றனவா? அதை எப்படி அளப்பது?

நீங்களே செய்து பார்க்கலாம். இரண்டு நண்பர்களைக் கை தட்டச் சொல்லுங்கள். முதலாமவன் தட்டி, சரியாக அரை நொடி கழித்து, இரண்டாமவன் தட்டுகிறான். ஒவ்வொரு முறையும் அதே அரை நொடி. இருவரும் ஒரே நேரத்தில் தட்டவில்லை. ஆனாலும், தாளம் சேர்ந்திருக்கிறது! இடைவெளி மாறாமல் இருக்கிறதே, அதுதான் அடையாளம். ஒரு முறை அரை நொடி, மறுமுறை கால் நொடி, பிறகு ஒரு நொடி என்று இடைவெளி மாறிக்கொண்டே இருந்தால், தாளம் சேரவில்லை. கம்ப்யூட்டர், இரண்டு மூளை அலைகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் இடைவெளியை நூற்றுக்கணக்கான முறை பார்த்து மதிப்பெண் போடும். கொஞ்சமும் சேரவில்லை என்றால் பூஜ்யம். அச்சாகச் சேர்ந்தால் ஒன்று. பெரும்பாலும், இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் எண் வரும்.

இதில் ஒரு பொல்லாத கண்ணி இருக்கிறது. தெருவின் இரண்டு முனைகளிலும் இருவர் நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே தாளம் கேட்கிறது. இரண்டு தறிகள் சேர்ந்து அடிக்கின்றன என்று முடிவு கட்டலாமா? தெரு நடுவே, ஒரே ஒரு பெரிய தறி அடித்து, அந்தச் சத்தமே இரண்டு முனைக்கும் வந்திருக்கலாமே! மூளையின் மின்சாரமும், மண்டை ஓடு, தோல் வழியே இப்படிப் பரவி, ஒரே நேரத்தில் பல மின்முனைகளைத் தொடும். அதனால், கொஞ்சம்கூட இடைவெளி இல்லாமல் இரண்டு அலைகள் ஒத்துப்போனால், விஞ்ஞானிகள் சந்தேகப்படுவர். சின்னதாக, மாறாத ஓர் இடைவெளி இருந்தால் நம்பிக்கை கூடும். ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்குச் செய்தி போக, கொஞ்ச நேரம் ஆகும் அல்லவா?

நம் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி, 1950ல் மறைந்தார். பதினோரு ஆண்டுகளுக்குப் பின், 1961ல், டில்லி எய்ம்ஸ் மருத்துவ நிறுவனத்தில், ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் ஆகியோர், தியானம் செய்யும் யோகிகள் சிலரின் மூளை அலைகளைப் பதிவு செய்து வெளியிட்டனர். வெளிச்சம், சத்தம் என்று தொந்தரவு கொடுத்தும், ஆழ்ந்த தியானத்தில் இருந்தவர்களின் ஆல்பா அலை கலையவில்லை. இருவர், ஐஸ் போலக் குளிர்ந்த தண்ணீரில், முக்கால் மணி நேரத்துக்கு மேல் கையை வைத்திருந்தனர். அப்போதும் அலை அப்படியே இருந்தது! (வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். அவர்கள் நீண்ட நாள் பழகியவர்கள்.)

பெர்கருக்கு வந்த தந்தியை மறந்துவிடவில்லையே? இரண்டு மூளைகள் தொடர்பு கொள்ள முடியுமா என்பதுதான், அவர் வாழ்நாள் முழுதும் சுமந்த கேள்வி. தலைத்தோலிலேயே அத்தனை நுண்ணியதாக இருக்கும் மின் அலை, பல மைல் தாண்டிப் போக வழியே இல்லை. அவர் கண்டுபிடித்த கருவியே அதற்கு சாட்சி!

ஆனால், 2009ல், ஜெர்மனியின் பெர்லின் நகரில், மேக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் ஒரு சோதனை நடந்தது. இரண்டு கிடார் கலைஞர்களை ஒரே மெட்டை, சேர்ந்து வாசிக்கச் சொல்லி, இருவர் தலையிலும் மின்முனைகளை ஒட்டினர். வாசிக்க வாசிக்க, இரண்டு மூளைகளின் அலைகளும் சில இடங்களில் ஒரே தாளத்தில் சேர்ந்தன!

அடடா, பெர்கர் சொன்னது நடந்துவிட்டதா? அவசரப்படாதீர்கள். இருவரும் ஒரே இசையைக் கேட்டனர். இருவர் கைகளும் ஒரே மாதிரி அசைந்தன. தெரு நடுவில் இருக்கும் அந்தப் பெரிய தறி, இங்கேயும் அடித்துக்கொண்டிருக்கிறது. அதன் சத்தத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று, இன்றும் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுக்கொண்டு இருக்கின்றனர்.